அமுக், அமோக், அமோகம்

மீன்களோடு போர் தொடுத்துத் திணறிய அரசர் என்று உலக வரலாற்றில் தேடினால் அதிகம் பேர் தேற மாட்டார்கள். எங்கள் சிங்கப்பூருக்கு ஒருவர் வாய்த்தார். பெயர் படுக்கா ஸ்ரீ மகாராஜா. படுக்கா என்பது நம் பாதுகைதான்; கப்பலேறி வந்து மலாய் அரண்மனையில் மரியாதைப் பட்டமாகிவிட்டது. பரதன் பாதுகையைத் தூக்கி அரியணையில் வைத்தான். இங்கே பாதுகையே வாய் திறந்து ஆணை போட்டது. என்ன ஆணை என்று தெரிந்தால், பேசாத செருப்பு எவ்வளவோ மேல் என்று அயோத்திக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாறு சொல்கிறபடி, தகராறு ஒரு பாக்கு மரத்தில் ஆரம்பித்தது. சுமத்ராவின் பாசாய் நாட்டிலிருந்து வந்த துன் ஜானா காத்திப் என்ற வித்தைக்காரர், அரசி பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த மரத்தை ஒரு முறை முறைத்தார். மரம் இரண்டாகப் பிளந்தது. மரம் போனதில் அரசருக்கு வருத்தமில்லை. அரசி பார்த்ததில்தான் வருத்தம். வித்தைக்காரரின் உயிர் போயிற்று. அதற்குப் பிறகு கடலிலிருந்து தோடாக் மீன்கள் கூட்டங்கூட்டமாகத் துள்ளிக் கரையில் நின்றவர்களைக் குத்திக் கொல்லத் தொடங்கின. தோடாக் நம்மூர் முரல் வகையறா, ஊசிமூக்கு மீன். ஆங்கிலத்துக்குப் போனதும் ஊசி பதவி உயர்வு பெற்று வாளாகிவிட்டது. அன்றிலிருந்து சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுயர வாள்மீன்கள் பாய்வதாகவே படம் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

அரசர் யானை மேல் வந்து நிலைமையைப் பார்வையிட்டார். சிந்தித்தார். பிறகு அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டளையைப் பிறப்பித்தார்: வீரர்கள் எல்லோரும் கரையில் வரிசையாக நின்று தங்கள் கெண்டைக்கால்களால் கோட்டை கட்ட வேண்டும். மீனைத் தடுக்கக் கெண்டையை நிறுத்திய ஒரே தளபதி உலகத்தில் இவர்தான். கோட்டை வரிசையாகச் சரிந்தது. ஒரு மீன் அரசரின் சட்டைக் கையையே கிழித்துவிட்டுப் போனது. அப்போதுதான் ஒரு பையன், காலை எதற்கு வைக்கிறீர்கள், வாழைத்தண்டை வைத்தால் போதாதா என்று கேட்டான். வைத்தார்கள். பாய்ந்த மீன்களின் மூக்கு தண்டில் செருகிக்கொண்டது. ஊரே கூடி வெட்டிக் குவித்தது. நமக்கு வாழைத்தண்டு என்றால் பொரியலும் சிறுநீரகக் கல்லும்தான் நினைவுக்கு வரும். ஒரு நாட்டின் கடற்படையாக அது பணிபுரிந்தது இங்கே மட்டும்தான்.

பையனுக்கு என்ன பரிசு கிடைத்தது? அமைச்சர்கள் அரசரின் காதைக் கடித்தார்கள். இந்த வயதிலேயே இவ்வளவு மூளை என்றால், வளர்ந்தால் என்ன ஆவது? கொன்றுவிடலாம். கொன்றார்கள். அந்த இரத்தம் வழிந்து சிவந்த குன்றுதான் புக்கிட் மேரா, சிவப்புக் குன்று என்கிறது ஊர்க்கதை. பழைய ஏட்டில் குன்றும் இல்லை, பையனுக்குப் பெயரும் இல்லை. பின்னால் வந்தவர்கள் பாவம் பார்த்து அவனுக்கு ஹாங் நாடிம் என்று பெயர் வைத்தார்கள். மண்ணியல் படித்தவர்களைக் கேட்டால், செம்புறை மண், இரும்புத் துரு, அதனால் சிவப்பு என்று இரண்டு வரியில் கதையை முடித்துவிடுவார்கள். அந்த மாதிரி ஆட்களைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடக்கூடாது. பிற்பாடு குன்றின் பெரும்பகுதியை வெட்டிச் சமப்படுத்தி வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக அடுக்குமாடிகளைக் கட்டியது. சிவப்பும் போய், குன்றும் போய், மிச்சம் இருப்பது பெயர் மட்டும்.

அந்தப் பெயரை வெள்ளைக்காரர் ரெட்ஹில் ஆக்கினார். இங்கிலாந்தின் சர்ரேயில் ஏற்கெனவே ஒரு ரெட்ஹில் உண்டு. சென்னைக்கு வடக்கே ஒரு ரெட்ஹில்ஸ் உண்டு. அதற்குச் செங்குன்றம் என்று லட்சணமான தமிழ்ப் பெயரும் ஓர் ஏரியும் உண்டு. ஊரிலிருந்து வரும் சித்தப்பாக்கள் ரயில் வரைபடத்தில் ரெட்ஹில்லைக் கண்டதும் ஏரி எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். ரயில் நிலையம் 1988இல் திறந்தது, ஏரியை இன்னும் தோண்டவில்லை என்று பதில் சொல்லி அனுப்புவது வழக்கம்.

இந்த வட்டாரத்தைக் கொஞ்சம் சுற்றி வந்தால் ஒன்று புரியும். சிங்கப்பூரின் வரலாற்றைப் பெரிய மனிதர்கள் செய்ததாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ காது சரியாகக் கேட்காதவர்கள் செய்ததாகத்தான் தோன்றுகிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தப்பாகக் காதில் வாங்கி, அதைத் தன்னம்பிக்கையோடு எழுதி வைத்து, அது அகராதியில் ஏறி, நூறு வருஷம் கழித்து முதலில் சொன்னவருடைய பேரனிடமே புதுச் சரக்காக விற்கப்பட்டிருக்கிறது.

மலாயிலிருந்து ஆங்கிலம் வாங்கிய பெயர்போன சொல் ‘அமுக்’. வெறி தலைக்கேறி, எதிர்ப்பட்டவரையெல்லாம் வெட்டிக்கொண்டு ஓடுவது. ஆங்கிலம் அதை அமோக் ஆக்கி முன்னூறு வருஷத்துக்கும் மேலாக வைத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு லண்டன் பத்திரிகையில் வாத்து தெருவில் இறங்கினாலும் அமோக்தான். இதைத் தமிழ்க் காதோடு கேட்டுப் பாருங்கள். மலாய்க்காரர் அமுக் செய்தால் ஊரே அலறிக்கொண்டு ஓடும். நம்மவர் அமுக்கினால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. ஆங்கிலேயர் அமோக் என்றால் வெட்டுக்குத்து. நாம் அமோகம் என்றால் அறுவடை, வியாபாரம், வசூல். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு சம்பவத்தை விவரித்தால் காவல்துறை யாரைப் பிடிக்கும்?

பிடிபட்டவர் ஒருவர் உண்டு. 1823 மார்ச் மாதம் சையது யாசின் என்ற வணிகர், கடன் வழக்கில் தோற்ற கோபத்தில் வெளியே வந்து, சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் கர்னல் ஃபார்குவாரைக் குத்திவிட்டார். ஃபார்குவார் பிழைத்துக்கொண்டார், யாசின் அங்கேயே வெட்டப்பட்டார். ஃபார்குவாரின் மேலதிகாரி ராஃபிள்ஸ் துரைக்கு அது போதவில்லை. ஊர் பார்த்துப் பயப்படட்டும் என்று உடலை இரும்புக் கூண்டில் போட்டுத் தஞ்சோங் மாலாங்கில் தொங்கவிட்டார். தஞ்சோங் பகார் கடலோரம் இருந்த முனை அது. மாலாங் என்றால் துரதிர்ஷ்டம். ஊர் பார்த்தது. பயப்படவில்லை. உடலைப் புதைத்த பிறகு அந்தக் கல்லறைக்கு நேர்த்திக்கடன் செலுத்த ஆரம்பித்தது. எச்சரிக்கைப் பலகை வைக்கப் போய் ஒரு தர்காவைத் திறந்துவிட்டு ராஃபிள்ஸ் கப்பலேறினார்.

சிங்கப்பூருக்கு வந்த முதல் தமிழர் யார் என்று கேட்டால், 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்ட நாராயண பிள்ளை என்று பாடப்புத்தகம் சொல்லும். குன்றின் சிவப்பைப் பார்த்து எல்லோரும் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்த மண்ணைச் சுட்டால் காசு என்று கணக்குப் போட்ட மனிதர். மரியாதைக்குரியவர். ஆனால் செஜாரா மெலாயுவைக் கேட்டால் அவருக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே ஒரு தமிழர் வந்து, வழி கேட்டு, திரும்பிப் போயிருக்கிறார். ராஜா சூலான். சோழன் என்பதைத்தான் அவர்கள் காதில் அப்படி வாங்கியிருக்கிறார்கள். 1025இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பல் அனுப்பிய நினைவு எப்படியெல்லாம் திரிந்திருக்கிறது என்று பாருங்கள்.

சூலான் சீனாவைப் பிடிக்கப் பெரும்படையோடு கிளம்பி, அன்றைக்குத் தெமாசெக் என்று பெயர்கொண்ட இந்தத் தீவு வரைக்கும் வந்துவிட்டார். செய்தி சீனாவுக்குப் போயிற்று. சீன அரசர் படை அனுப்பவில்லை. ஒரு கப்பலில் துருப்பிடித்த மெல்லிய ஊசிகளையும், காய்த்துக் குலுங்கும் இலந்தை மரங்களையும், பல் போன கிழவர்களையும் ஏற்றி அனுப்பினார். சூலானின் ஆட்கள் கப்பலை நிறுத்தி, சீனா இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். கிழவர்கள் சொன்னார்கள்: ஐயா, நாங்கள் கிளம்பும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். இந்த மரங்கள் அப்போது நட்ட விதை. இந்த ஊசிகள் கை கனத்து இரும்புக் கடப்பாரைகள், வழியில் தேய்ந்து இப்படி ஆகிவிட்டன. சூலான் யோசித்தார். இந்தக் கணக்கில் சீனா போய்ச் சேரும்போது தன்னுடைய வாளும் ஊசியாகிவிடும் என்று பட்டிருக்க வேண்டும். படையைத் திருப்பினார். தூரம் கேட்டுவிட்டு, சரி விடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம் என்று தெம்பனீஸ் போகாமல் திரும்பும் தமிழர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும்.

திரும்பியவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, அதற்குள் உட்கார்ந்து கடலடிக்கு இறங்கினார். அங்கே ஒரு நாடு, ஓர் அரசர், ஓர் இளவரசி, திருமணம், மூன்று பிள்ளைகள். பிறகு பறக்கும் குதிரையில் கரையேறினார். அந்த வம்சத்தில் வந்தவர்தான் சிங்கத்தைக் கண்டதாகச் சொல்லி இந்தத் தீவுக்குச் சிங்கபுரம் என்று பெயர் வைத்த சங் நீல உத்தமர். சிங்கம் எந்தக் காலத்திலும் வாழாத தீவு இது. தாத்தா கடலுக்கடியில் கல்யாணம் முடித்தவர் என்றால் பேரன் புலியைப் பார்த்துச் சிங்கம் என்று சொன்னதில் ஆச்சரியமில்லை.

கடலடிச் சமாசாரம் அதோடு முடியவில்லை. புக்கிட் மேராவின் தெற்கு ஓரம் தெலுக் பிளாங்கா. சட்டி வடிவ வளைகுடா என்று பொருள். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருந்த, தெமெங்கோங் என்ற மலாய்ப் பதவி வகித்த அப்துல் ரஹ்மானை, ஊர் நடுவில் இவ்வளவு பேர் ஆயுதத்தோடு இருப்பது சரியில்லை என்று ராஃபிள்ஸ் 1823இல் கிளப்பி, இருநூறு ஏக்கர் நிலம் தந்து இங்கே தள்ளினார். பரிதாபமாகத் தோன்றும். பொறுங்கள். அவர் மகன் தாயெங் இப்ராஹிம் காலத்தில் இதே சட்டியில் தங்கம் கொதித்தது. ‘கெத்தா பெர்ச்சா’ என்ற மரப்பாலில்.

மலாயில் கெத்தா என்றால் பால், பிசின். காட்டுக்காரர்கள் அந்தப் பிசினை வெந்நீரில் இளக்கிப் பாராங் கத்திக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறினால் கட்டை போல இறுகும், சூடு காட்டினால் மாவு போல இளகும். வில்லியம் மான்ட்கோமரி என்ற அறுவை வைத்தியர் 1842இல் ஒரு விறகுவெட்டியின் கையில் அந்தப் பிடியைப் பார்த்தார். விறகுவெட்டிக்கு என்ன கிடைத்தது என்று எங்கும் எழுதவில்லை. மான்ட்கோமரிக்கு லண்டன் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வாழைத்தண்டுப் பையனைப் போல விறகுவெட்டியைக் கொல்லாமல் விட்டார்களே, அந்த அளவுக்கு நாகரிகம் முன்னேறியிருந்தது.

ஆங்கிலத்தில் அது கட்டாபெர்ச்சா ஆயிற்று. முதலில் அதைக் கோல்ஃப் பந்தாக உருட்டினார்கள். செல்லமாகக் கட்டி என்று பெயர். தமிழில் சொன்னாலும் பொருள் கெடவில்லை, கட்டியாகத்தான் இருந்தது. பிறகு கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட்டார்கள். உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் மின்சாரத்தை அடக்கி வைக்க அந்தக் காலத்தில் இதை விட்டால் வேறு பொருள் இல்லை. ஆங்கிலக் கால்வாய், அட்லாண்டிக் என்று போன கம்பி 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூரைத் தொட்டது. கண்ணாடிப் பெட்டியில் இறங்கிய சோழன் பிள்ளை பெற்று வந்த அதே கடலடியில், நாகப்பட்டினத்து அரிசி விலை கட்டாபெர்ச்சாவுக்குள் படுத்துக்கொண்டு போய்வந்தது. கட்டா பேச்சா என்று தமிழர் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும், கட்டிய பேச்சுதானே அது.

தெமெங்கோங் இப்ராஹிம் அந்த வியாபாரத்தைக் கைக்குள் போட்டுக்கொண்டார். அவர் மகன் அபு பக்கார் ஜொகூரின் சுல்தானாகவே ஆனார். ஆற்றங்கரையிலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடமாற்ற உத்தரவு கிடைத்திருக்காது. மரத்துக்குத்தான் அமோகம் இல்லை. பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள், தீவில் அது அரிதாகிப்போனது. இன்றைக்கும் பல் மருத்துவர் வேர்ச் சிகிச்சை செய்து பல்லுக்குள் அடைப்பது கட்டாபெர்ச்சாதான். வாயில் மலாய்ச் சொல்லை வைத்துக்கொண்டே, எனக்கு மலாய் வராது என்று சொல்லித் திரிகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

தெலுக் பிளாங்காவுக்கு மேலே இருக்கும் குன்று இன்று மவுண்ட் ஃபேபர். கம்பிவண்டி போகிறதே, அது. முன்பு தெலுக் பிளாங்கா குன்று என்றே இருந்தது. 1845இல் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் சார்லஸ் எட்வர்ட் ஃபேபர், கொடிக்கம்ப நிலையத்துக்காக உச்சிக்கு ஒரு குறுகலான பாதை வெட்டினார். பாதைக்கு வைக்க வேண்டிய பெயரை மலைக்கே வைத்துவிட்டார்கள். லத்தீனில் ஃபேபர் என்றால் கொல்லர். எஞ்சினியருக்குக் கொல்லர் என்று குலப்பெயர் அமைவது கணக்கப்பிள்ளைக்குக் கணக்கு வருவது போல, அபூர்வமாக நடக்கும் பொருத்தம்.

அதைவிடச் சுவையானது அவருக்குப் பொருந்தும் பட்டப்பெயர். கும்பினி ஆட்களில் மெட்ராஸ் மாகாணத்தாரை மற்ற மாகாணத்து வெள்ளையர்கள் ‘முல்’ என்று கேலி செய்தார்கள். பம்பாய்க்காரர் வாத்து, மெட்ராஸ்காரர் முல். முல் என்பது முலிகட்டானியின் சுருக்கம். முலிகட்டானி நம் மிளகுத்தண்ணி. ரசத்தைக் குடித்துக் குடித்தே அதன் பெயரால் அறியப்பட்ட ராணுவம் வேறெங்கும் இருந்திருக்க முடியாது. ஆகவே மவுண்ட் ஃபேபரை ரசத்துரை மலை என்று தமிழில் எழுதினால் வரலாற்றுப் பிழை ஒன்றுமில்லை; தேசியப் பூங்காக் கழகம் ஒப்புக்கொள்ளாது, அவ்வளவுதான்.

மலையின் மறுபக்கம் வந்தால் பொது மருத்துவமனை நிற்கும் வளாகம். பழைய பெயர் சிப்பாய் லைன்ஸ். மெட்ராஸிலிருந்து வந்த படைகளின் குடியிருப்பு வரிசைகள் அங்கே இருந்தன. சிப்பாய் என்ற பாரசீகச் சொல்லை ஆங்கிலேயர் சீப்பாய் ஆக்கினார்கள். பக்கத்தில் குடியிருந்த ஹொக்கியன் சீனர்கள் அதை சீ பாய் போ என்று காதில் வாங்கி, அந்த ஒலிக்குப் பொருந்தும் எழுத்துகளைத் தேடி எழுதினார்கள். எழுத்தைக் கூட்டிப் படித்தால் நான்கு வரிசைக் குன்று. சிப்பாய்கள் போய்விட்டார்கள், வரிசை மட்டும் மருந்தகத்தில் இன்னும் நிற்கிறது.

அந்தப் பக்கம் தியோங் பாரு, இந்தப் பக்கம் கம்போங் பாரு. புதிதாக ஊரிலிருந்து வரும் தமிழர் பேருந்தில் உட்கார்ந்து அறிவிப்பைக் கேட்டால், யாரோ விடாமல் ‘பாரு, பாரு’ என்று சன்னலுக்கு வெளியே காட்டுவதாக நினைத்துக்கொள்வார். பாரு என்றால் மலாயில் புதியது. தியோங் என்பது ஹொக்கியன் மொழியில் கல்லறை. புதிய இடுகாடு என்ற பெயருள்ள பேட்டையில்தான் இன்று ஒரு கோப்பை கோப்பி குடிப்பதற்குக் கடன் அட்டை தேவைப்படுகிறது. இதில் நாம் சிரிக்கக்கூடாது. தேக்காவைத் தேக்கு மரத்தோடு முடிச்சுப்போட்டுப் பெருமைப்பட்டவர்கள் நம்மில் உண்டு. அது மூங்கில் அடி என்னும் ஹொக்கியன் சொல். நம் தேக்கு மலையாளக் கரையில் கப்பலேறி ஆங்கிலத்தில் டீக் ஆகி வேறு திசையில் போய்விட்டது.

இந்தக் காது மந்தத்துக்கு ஒரு வேதநூலே இருக்கிறது. 1886இல் லண்டனில் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் என்ற இரு துரைமார்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரசுவதி மகால் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். புத்தகம் வருமுன்பே, 1882இல் இறந்துவிட்டார். தலைப்பு எப்படி வந்தது? முகரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று கூவியது வெள்ளைச் சிப்பாய்களின் காதில் ஹாப்சன், ஜாப்சன் என்று விழுந்தது. யாரோ இரண்டு ஆங்கிலேயக் குமாஸ்தாக்களைக் கூப்பிடுகிறார்கள் போலும். தப்பாகக் கேட்பதையே தலைப்பாக வைத்த நேர்மைக்காக யூலை நான் மன்னித்துவிடுகிறேன்.

அதைப் புரட்டினால் சொந்தக்காரர்களைப் போலீஸ் நிலையத்தில் பார்த்த மாதிரி இருக்கும். கனிகோபொலி என்று ஒருவர் நிற்கிறார். கிட்டப் போனால் நம் கணக்கப்பிள்ளை. கான்ஜி ஹவுஸ் என்று ஒன்று. பட்டாளத்து லாக்கப், உள்ளே போனால் கஞ்சிதான் என்பதால் அந்தப் பெயர். பாலிகர் என்று மீசையோடு ஒருவர், பாளையக்காரர். சுருட்டு செரூட் ஆகிப் புகைந்துகொண்டிருக்கிறது. கட்டுமரம் கேட்டமரான். அதன் கதை தனி. 1804இல் பிரிட்டிஷ் கடற்படை நெப்போலியனின் கப்பல்கள்மேல் ஏவிய வெடிமிதவைக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். வெடித்தது, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் சண்டைக்காரப் பெண்மணிக்கு அதையே வசைச்சொல்லாக்கினார்கள், கேட் என்ற பூனை காதில் விழுந்திருக்கும். இன்றைக்கு ஹார்பர்ஃபிரண்ட் முனையத்திலிருந்து பாத்தாம் தீவுக்குப் பறக்கும் விரைவுப் படகுகளில் பல கேட்டமரான்தான். அலுமினியத்தில் வார்த்தது. கட்டும் கிடையாது, மரமும் கிடையாது, டிக்கெட் மட்டும் உண்டு. போய் இறங்கும் பாத்தாமின் விமான நிலையத்துக்குப் பெயர் ஹாங் நாடிம். நாம் கொன்ற பையனின் பெயர் பக்கத்து நாட்டில் ஓடுபாதையோடு நீண்டு கிடக்கிறது.

எனக்குப் பிடித்தவை ஊர் சுற்றிவிட்டு வேஷத்தோடு வீடு திரும்பிய சொற்கள். சரக்கு கிடக்கும் இடம் கிடங்கு. அது மலாய்க்குப் போய் குடாங் ஆயிற்று, ஆங்கிலத்தில் கோடவுன் ஆயிற்று. கெப்பல் துறைமுகத்தில் தமிழ்ப் பாட்டாளிகள் மூட்டை சுமந்தது கோடவுனில்தான். அங்கிருந்து ஊருக்கு எழுதிய கடிதத்தில் அது குடோன் ஆகிவிட்டது. இன்றைக்குச் சென்னை மண்ணடியில் கிடங்கு எங்கே என்று கேட்டால் கவிஞர் என்று நினைப்பார்கள். குடோன் என்றால் வழி காட்டுவார்கள். கம்போங்கும் இப்படித்தான். மலாய்க் கிராமம் ஆங்கிலேயர் வாயில் சுற்றுச்சுவர் வைத்த காம்பவுண்டு ஆனது. மதுரையில் பத்துக் குடித்தனம் ஒரே குழாயடியில் சண்டை போடும் காம்பவுண்டு வீட்டுக்கும், எங்கள் கம்போங் பாருவுக்கும் இடையில் ஓர் ஆங்கிலேயர் நின்றுகொண்டிருக்கிறார், வேறொன்றுமில்லை. சீனப் பொதுமொழிக்கு ஆங்கிலப் பெயர் மாண்டரின். அது போர்த்துகீசியர் வழியாக வந்த மலாய் மெந்தெரி, அதற்குப் பாட்டன் நம் மந்திரி. 1979இல் அரசாங்கம் மாண்டரின் பேசுங்கள் இயக்கத்தைத் தொடங்கியபோது தியோங் பாருவின் ஹொக்கியன் பாட்டிகள் முகம் சுளித்ததில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் எதற்கு மந்திரி பேச்சு?

ரெட்ஹில் உணவங்காடியில் ஓர் அண்ணன் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையில் டே தாரிக் என்னும் தேநீரோடு உட்கார்ந்தால் உலகத்துச் சொற்களையெல்லாம் தமிழுக்கு மீட்டுக்கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கேஷ் நம்ம காசு தம்பி, என்பார். பாதி சரி. சீனாவின் ஓட்டைக் காசுக்கு வெள்ளையர் வைத்த கேஷ் என்ற பெயர் நம் காசிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்ததுதான். பணப்பெட்டிக் கேஷ் வேறு, அது பெட்டி என்னும் பிரெஞ்சுச் சொல். அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஜிஞ்சர் இஞ்சிதானே என்பார். அதில் ஆராய்ச்சியாளர்கள் பலரும் அவர் கட்சி. அடுத்தது அனகொண்டா, ஆனைகொன்றா. இந்த ஊகம் யூலுக்கே இருந்தது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட, அன்றைய டே தாரிக்குக்கு அவரே காசு கொடுத்தார். அதற்குப் பிறகு கடிவாளம் இல்லை. கிரை என்ற அழுகை கரைதலிலிருந்து வந்தது; நேவி நாவாயிலிருந்து வந்தது; அவரைத் தடுக்க வாழைத்தண்டு போதாது.

டே தாரிக்கே இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. 2016இல் ஒரு சிங்கப்பூர்ச் சொற்பட்டாளத்தையே உள்ளே விட்டார்கள். ஷியோக், லெபாக், ஈரச்சந்தை, வீவகவின் ஆங்கில மூன்றெழுத்து, எல்லாம் போயிற்று. கில்லர் லிட்டரும் போயிற்று. அடுக்குமாடி சன்னலிலிருந்து எறிந்து கீழே போகிறவர் தலையைப் பதம் பார்க்கும் குப்பைக்கு இந்த ஊர் வைத்த பெயர் அது. தோடாக் மீனுக்குப் பிறகு மேலிருந்து பாய்ந்து ஆளைக் கொல்லும் தொழிலை வேறு யாராவது செய்ய வேண்டாமா? அந்தக் காலத்து அமைச்சர்கள் இருந்திருந்தால் பத்தாம் மாடிக்காரனை விட்டுவிட்டு, கீழே குடை பிடித்தவனைத் தண்டித்திருப்பார்கள்.

அந்த வரிசையில் என் மனத்தைக் கவர்ந்தது சைனீஸ் ஹெலிகாப்டர். இது வாகனமன்று. சீனப் பள்ளியில் படித்து ஆங்கிலம் சரியாக வராத சிங்கப்பூரரைக் கேலி செய்யும் சொல். கொஞ்சம் மனம் நோகடிக்கும் சொல்தான். பிறந்த இடம் தேசிய சேவை. ஆங்கிலத்தில் நீ என்ன படித்தவன் என்று கேட்டால் சைனீஸ் எஜுகேட்டட் என்று சொல்ல வேண்டும். அந்த எஜுகேட்டட் நாக்கில் புரண்டு எலுகேட்டட் ஆகி, கேட்டவர் காதில் ஹெலிகாப்டராக இறங்கியது. ஹாப்சன்-ஜாப்சனுக்கு ஒரு தம்பி பிறந்துவிட்டான். துரைமார்கள் தப்பாகக் கேட்டால் அகராதி. படைமுகாம் பையன்கள் தப்பாகக் கேட்டாலும் அகராதி என்ற சமத்துவம் வர 130 வருஷம் பிடித்திருக்கிறது.

தேசிய சேவைக்கு ஆள் சேர்க்கும் தலைமையகம் பல வருஷங்கள் புக்கிட் மேராவின் டிப்போ சாலையில்தான் இருந்தது. அதே சாலையில் ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயில். அலெக்சாண்ட்ரா செங்கல் ஆலைத் தொழிலாளர்களின் காளி. ஆலைக்கு மூடுவிழா வந்த பிறகு இங்கே குடிவந்தவள். பையனை முகாமுக்கு அனுப்பும் தமிழ்த் தாய்மார்கள் நெற்றியில் விபூதி பூசி அனுப்ப வசதியான தூரம். ஹெலிகாப்டர் கதையை நான் அந்த அண்ணனிடம் விவரமாகச் சொன்னேன். ஹொக்கியன் நாக்கு, சார்ஜெண்ட் காது, ஆக்ஸ்ஃபோர்டு முத்திரை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கோப்பையில் மிச்சமிருந்த நுரையை உறிஞ்சினார்.

“எலுகேட்டட் கிலுகேட்டட் எல்லாம் சும்மா தம்பி. ஏறிக் காப்பவர். ஏறி-காப்டர். வானத்துல ஏறி ஊரைக் காக்குது பாரு, நம்ம ஐயனார் குதிரை மாதிரி. எழுதி வச்சுக்க.”